தேய்மானம்

மஞ்சக்குப்பம் டயர் கடையில்
முத்தலிப் கேட்கிறார்:
உழைக்கணுமா, பிடிக்கணுமா?

போன தடவை உழைப்பதை வாங்கினேன்.
அறுபதாயிரம் ஓடியும்
காடியில் சொருகிய ஒரு ரூபாய்க் காசு
பாதி முங்கியது.
ஆனால் ஐப்பசி மழையில்
ரெட்டிச்சாவடி தாண்டும்போது
ஸ்டியரிங் என் கையிலும்
வண்டி தண்ணீர் மேலுமாய்
ஒரு மூச்சு நேரம் தனித்தனியே போயின.
பின்சீட்டில், டயாலிசிஸுக்குப் புறப்பட்ட
தெய்வநாயகம் சார்
கண்ணாடியில் என்னைப் பார்த்தார்.
ஒன்றும் கேட்கவில்லை.

மெத்தென்ற ரப்பரில் நகம் பதித்துப் பார்க்கிறேன்.
நாற்பதாயிரம் தாண்டாது, என்கிறார்.
ரோட்டுக்குத் தன்னைக் கொடுத்துக் கொடுத்துத்தான்
பிடிக்கும் இது.

வண்டித் தவணை பதினாலு பாக்கி.
ரெண்டு மட்டும் போடுங்க.
முன்னாலதானே?

புதுசு எப்பவும் பின்னாலதான்.

வாரம் மூன்று நாள்
தெய்வநாயகம் சார் உட்காரும் பக்கம்.