வராத போருக்குப் பூசிய மசகு

நாற்பத்து மூன்று.
லாட்வியாவின் பைன் காட்டுக்குள்
மூன்று தண்டவாளங்களில் மூக்கோடு முதுகு ஒட்டி
புகைபோக்கி வாய்க்குத் தகர மூடி,
சன்னலுக்குப் பலகை.
காவல் கோபுரத்திலிருந்து பார்த்தால்
மாட்டுத்தொழு மாதிரி இருக்கும் என்பான் இமான்ட்ஸ்.
எனக்கு அப்படித் தோன்றியதில்லை.
மாடு மூச்சு விடும்.

என் வேலை மசகு பூசுவது.
உந்துதண்டு, இணைப்புத்தண்டு, தேயக்கூடிய எதுவும்.
பனிக்காலத்தில் கொழுப்பு வாளியை
அடுப்பருகே இளக்கி எடுத்துப் போவேன்.
பூசுவேன். அட்டையில் தேதி போடுவேன்.
எதற்கு என்று சேர்ந்த அன்றே கேட்டேன்.
"போர் வந்தால் மின்சாரம் போகும், டீசல் போகும்.
கரியும் தண்ணீரும் எங்கே போகும்?" என்றார் அதிகாரி.
அதற்கப்புறம் ஓட்ட யார் இருப்பார்கள் என்று
நான் கேட்கவில்லை.
சம்பளம் வெள்ளிக்கிழமை.

இவை பிறந்ததும் ஒரு போருக்குத்தான்.
ஜெர்மானியர்கள் பழைய வரைபடத்தை விரித்து
ஆயிரம் உறுப்புகளைக் கழித்தார்களாம்.
பித்தளையைக் கழித்தார்கள், மெருகைக் கழித்தார்கள்,
பிடித்து வந்த ஆட்களின் உறக்கத்தையும்
அதே கணக்கில் கழித்தார்கள்.
சில ஆண்டு ஓடினால் போதும்,
அதற்குள் உலகம் கைக்கு வந்துவிடும்.
வரவில்லை.
வென்றவன் எஞ்சினுக்கு வேறு பெயர் வைத்தான்,
சக்கரங்களை ஏறக்குறைய ஐந்து விரற்கடை அகட்டினான்,
தன் அகலப் பாதையில் ஓட்டினான்.

நாற்பத்தொன்பது மார்ச்சில்
என் அம்மா இருந்த கால்நடைப் பெட்டியைச்
சைபீரியாவுக்கு இழுத்தது இந்த வகைதான்.
எஞ்சினை அவள் பார்க்கவில்லை.
பெட்டிக்குச் சன்னல் இல்லை.
ஊதலைக் கேட்டிருக்கிறாள்.
"சளி பிடித்த குரல்."
ஏழாண்டு கழித்துத் திரும்பி வந்தவள்
அதைப் பற்றிச் சொன்னது அவ்வளவுதான்.

நாற்பத்து மூன்றில் எது?
ஒருவேளை எதுவுமே இல்லை.
எண் தெரியாது.
ஆகவே எல்லாவற்றுக்கும் ஒரே அளவு பூசினேன்,
பத்தொன்பது ஆண்டு.

பிறகு போர் வரவில்லை,
நாடுதான் போயிற்று.
காகித வேலை முடிந்ததும்
வெட்டுக்காரர்கள் எரிவாயு உருளைகளோடு வந்தார்கள்.
டன் கணக்கில் விலை.
நெருப்பு பட்டதும் முதலில் எரிந்தது என் மசகு.
அந்த நாற்றம் ஆகஸ்ட் முழுக்க
சமையலறைத் திரைச்சீலையில் இருந்தது.

ஐந்து மிஞ்சியபோது எக்பர்ட் வந்தார்,
சாக்சனியிலிருந்து, ஓய்வுபெற்ற பல் மருத்துவர்.
வாரக் கடைசியில் எஞ்சின் பழுது பார்க்கும்
பன்னிரண்டு பேரில் ஒருவர்.
சிறு சுத்தியலால் ஒவ்வொரு தண்டையும் தட்டிக் கேட்டார்.
பெட்ரோல் துணியால் ஓரிடத்தைத் துடைத்தார்.
அடியில் இரும்பு
நேற்றுக் கடைந்தது போல் வெளுத்துக் கிடந்தது.
தொப்பியைக் கழற்றிவிட்டார் மனிதர்,
மாதாகோவிலில் நிற்பது போல.

"அசல் நிலைக்குக் கொண்டுவருவோம்" என்றார்.
அசல் என்றால் எந்த நாள்?
கழுகு வைத்த நாளா, நட்சத்திரம் வைத்த நாளா,
மார்ச் இருபத்தைந்தா?
மொழிபெயர்த்துச் சொன்ன பையன்
என் கேள்வியைப் பாதியில் விழுங்கிவிட்டான் போலும்.
எக்பர்ட் சிரித்துக்கொண்டே
"கறுப்பு, சக்கரத்துக்குச் சிவப்பு" என்றார்.

ஆறு ஆண்டு கழித்துப் பயணச்சீட்டு அனுப்பினார்கள்.
போனேன்.
சக்கரங்களை மறுபடி நெருக்கியிருந்தார்கள்.
நடைமேடையில் ஐஸ்கிரீம், பித்தளை வாத்தியங்கள்,
அப்பாக்களின் தோளில் பிள்ளைகள்.
ஊதியது.
பிள்ளைகள் காதைப் பொத்திக்கொண்டன.
நான் பொத்தவில்லை.

சளி இல்லை. கண்ணாடி மாதிரிக் குரல்.

எக்பர்ட் காதருகே குனிந்து
மன்னிப்புக் கேட்பவர் போலச் சொன்னார்:
பழைய ஊதல் விரிசல் விட்டிருந்தது,
இது வேறொரு எஞ்சினுடையது.

கூட்டம் பெட்டிகளில் ஏறப் போனது.
நான் குனிந்து
இணைப்புத்தண்டின் முனையில் விரலை ஓட்டிப் பார்த்தேன்.
கொஞ்சம் குறைவாகத்தான் பூசியிருக்கிறார்கள்.