வெள்ளைக் கம்பம்

வீட்டுச் சந்தை எப்படிப் போகிறது என்று கேட்பவர்கள்
என் வானின் பின்கதவைத் திறந்து பார்க்கலாம்.

இடது தட்டில் ‘சோல்ட்’ பலகைகள்.
இருபத்திரண்டாம் ஆண்டு மாசியில் அவை முடிந்துபோய்
பக்கத்துத் தெருவில் தொங்கியதைக் கழற்றி
இந்தத் தெருவில் மாட்டினேன்.
செவ்வாய் நட்ட கம்பத்தை ஞாயிறு பிடுங்கினேன்.
குழி மண் இறுகவும் நேரமில்லை.

வலது தட்டில் ‘புதிய விலை’.
அப்போது அதன்மேல் தூசியும் ஒரு சிலந்தியும்.
இப்போது சிலந்தி
இடது பக்கத்துக்குக் குடிபோய்விட்டது.

ஏஜாக்ஸில் எனக்குத் தெரியாத புல்வெளி இல்லை.
உள்ளே எத்தனை குளியலறை என்று கேளாதீர்கள்,
உள்ளே நான் போனதில்லை.
எந்த வாசலில் களிமண்,
எந்த வாசலில் கட்டியவன் புதைத்துவிட்டுப் போன செங்கல் உடைசல்,
காஸ் குழாய் எந்தப் பக்கம் வளைகிறது,
இதைக் கேளுங்கள், சொல்கிறேன்.

முந்தின கார்த்திகையில் நட்டது ஒன்று
ஒரு குளிர்காலம் உறைந்து, ஒரு கோடை இளகி,
பக்கத்து வீட்டு நாய்க்குப் பழகிய இடமாகி
இன்னும் நிற்கிறது.
மூன்று ஏஜென்ட் மாறி
மூன்று சிரிப்பு மாட்டியாயிற்று அதன் கையில்.
வீட்டுக்காரப் பெண் இப்போதெல்லாம்
எனக்குக் கையசைப்பதில்லை.

எதிரே நிறுத்திய காரில் ஒரு சோடி. ஹீட்டர் ஓடுகிறது.
இரண்டு கோப்பிக் கோப்பை.
வாரா வாரம் வந்து வீட்டைப் பார்த்துவிட்டுப் போவார்கள்.
கண்ணாடியை இறக்கி அவள் கேட்டாள்:
“இன்னும் இறங்குமா?”
ஒன்றரை முழம்தான் இறக்குவேன் என்றேன்
கம்பத்தைத் தட்டியபடி.
அவள் அதைக் கணக்கில் எழுதிக்கொண்ட மாதிரி இருந்தது.

இன்று காலை போனில் ஒன்பது விலாசம்.
ஆறாவதைப் படித்து, ஏழாவதுக்குப் போய்,
பிறகுதான் கண் திரும்பி வந்தது.
இலக்கம் எண்பத்துநாலு.
என் வீடு.
அதாவது
என் வீட்டுக்கு மேலே இருப்பவர்களின் வீடு.

பதின்மூன்று லட்சத்து இருபதாயிரத்துக்கு வாங்கினார் குகநேசன்.
பதினேழு பேரோடு போட்டி. கண்டிஷன் ஒன்றுமில்லாத ஒஃபர்.
முன்னாலுள்ள மேப்பிளை வெட்டமாட்டோம் என்று
விற்பவருக்குக் கடிதமும் எழுதினாராம்.
அன்றைக்கு ‘சோல்ட்’ மாட்டியவன் நான்தான்.
பேஸ்மென்ட் வாடகைக்கு வரும் என்பதும்
அப்படித்தான் தெரிந்தது.

பங்குனியில் மோட்கேஜ் புதுப்பிக்க வேண்டும்.
அவர் சொல்லவில்லை, மரத்தரை சொன்னது.
இரண்டு வாரமாக இரவு மூன்று மணிக்கு
குசினியிலிருந்து ஹோலுக்கு, ஹோலிலிருந்து குசினிக்கு,
என் முகட்டின்மேல் ஒரு கணக்கு
நடந்துகொண்டிருந்தது.

ஆறாவதைக் கடைசிக்குத் தள்ளினேன்.
தை மாதம். நாலரை மணிக்கே இருட்டு.
அலவாங்கு மூன்றுமுறை துள்ளித் திரும்பியது.
நாலாவதில் நிலம் இடம் கொடுத்தது.

கோட் போடாமல், வீட்டுச் செருப்போடு அவர் வந்தார்.
“நீரே வருவீரெண்டு நினைக்கேல்லை.”
“பட்டியல்லை இருந்தது அண்ணை.”
“சொல்லத்தான் இருந்தனான்.”

ஒன்பது லட்சத்துத் தொண்ணூற்றொன்பதாயிரம்
என்று போடப்போகிறார்களாம்.
அந்த எண்ணை அவர் என்னிடம் சொல்லவில்லை,
மேப்பிளிடம் சொன்னார்.

ரசமட்டத்தை வைத்தேன். குமிழி
நடுவுக்கு வந்து நிற்கும்வரை தட்டினேன்.
வேறு வாசலென்றால் இத்தனை தட்டியிருக்கமாட்டேன்.
“சரிஞ்சிருக்கோ?” என்றார்.
“இல்லை. நேராத்தான் நிக்குது.”
இருவரும் தள்ளி நின்று பார்த்தோம்.

கீழ் ஜன்னலில் வெளிச்சம்.
தரைமட்டம் மட்டுமே தெரியும் ஜன்னல் அது:
இரண்டு சப்பாத்து, இரண்டு செருப்பு,
ஒரு கம்பத்தின் அடி.

நிரோசினி கண்ணாடியில் தட்டுகிறாள்,
கையால் காட்டுகிறாள்:
அதை உள்ளே எடுத்து வையுங்கோ,
வெளியில் விட்டால் களவு போய்விடும்.