இரண்டு மாத்திரை

ஹோத்மெசோவாஷார்ஹெய்.
பெயரைச் சொல்லி முடிக்கவே ஒரு மூச்சு கேட்கும் ஊர்.
டிசம்பர், இன்னும் விடியாத ஐந்து மணி.
கல்லறைக்குக் கல் வெட்டும் பட்டறையில்
தெக்லா மட்டும்,
விரல்நுனி கத்தரித்த கையுறையோடு.

வெட்டும் எந்திரம்
எழுத்துக் கோப்பை அப்படியே படிக்கும்.
யோசிக்காது.
போன வாரம் கொர்பெ டெஜோவின்
கடைசி எழுத்துக்கு மேல் ஓர் அலையைச் செதுக்கிவிட்டது: õ.
அவர் மனைவி தொலைபேசியில் கத்தவில்லை.
‘அவர் தலையில் புழு நெளிகிறது, எடுத்துவிடுங்கள்’ என்றார்.
அந்தக் கல் இப்போது முற்றத்தில்
குப்புறக் கிடக்கிறது,
மேலே யாரோ சைக்கிளை நிறுத்தியிருக்கிறார்கள்.

விசைப்பலகை அமெரிக்கப் பழசு.
இந்த ஊர் எழுத்து எதுவும் அதில் இல்லை.
கர்சரை அலைமேல் வைத்து g, a தட்டுகிறாள்.
இருநூற்று நாற்பத்தைந்து, என்கிறது திரையின் அடி.
வேண்டியது முந்நூற்று முப்பத்தேழு.
தொண்ணூற்றிரண்டு வீடு தள்ளிக்
கதவைத் தட்டியிருக்கிறார்கள்.

x. போயிற்று.
a. இனி எழுதலாம்.
கண்ட்ரோலோடு K.

ஒரு கேள்விக்குறி முளைக்கிறது.
விம் இப்படித்தான், கேட்டுவிட்டுக் காத்திருக்கும்.
o என்கிறாள்.
ஷிப்டோடு மேற்கோள்குறி.
இரண்டும் ஒன்றையொன்று விழுங்கி
ő.

குடும்பப் பெயரில் இருப்பது குறில்,
தலையில் இரண்டு புள்ளி.
அழைக்கும் பெயரில் நெடில்,
அதே புள்ளிகளைப் பிடித்துச் சாய்த்து இழுத்ததுபோல்.
நம் ஒகரமும் ஒரு காலத்தில் புள்ளி சுமந்ததுதான்.
தெக்லாவுக்கு அது தெரியாது.
வாசலில் நின்று ஒருவரைக் கூப்பிட
கடைசி உயிர் நீள வேண்டும்,
நீளாவிட்டால் அவர் திரும்பமாட்டார்,
அது தெரியும்.

சேமிக்கிறாள். எந்திரம் தண்ணீர் பீய்ச்சத் தொடங்குகிறது.

அத்தோடு வீட்டுக்குப் போயிருக்கலாம்.
பழைய கோப்புகளிலும் அந்த அலையைத் தேடச் சொன்னாள்.
ஒன்பது வருடம். நாற்பத்தொன்று.
திரையில் u தட்டினால் எதுவும் திரும்பி வரும்.
கருங்கல்லில் u கிடையாது.

பட்டியலின் நடுவில்
கெர்கோ, நான்கு வயது.
யாரும் புகார் சொல்லவில்லை.
பெற்றோர் பார்க்கவில்லையா,
பார்த்தும்
அந்தப் பெயரை இன்னொருவருக்கு
எழுத்துக்கூட்டிச் சொல்ல முடியவில்லையா.

ரசீதின் பின்பக்கம் எழுதுகிறாள்:
மூன்றாம் பகுதி, பதினேழாம் வரிசை.
சின்ன உளி.
கல்நிறப் பசை.
ஞாயிறு.