நொடிக்குப் பன்னிரண்டு

அப்புத்தளையில், ரிம்சானின் ஹார்ட்வேர் கடைக்கு மேலே
பெயின்ட் வாளி அடுக்கிய அறையில்
ஒரு மாடு நடக்கிறது.
காலையிலிருந்து நான்கு அடி.

களிமண் மாடு. வாலுக்குச் சணல்.
முன்னங்காலை ஒரு நெல்மணி அளவு நகர்த்து,
கையை எடு, மூச்சைப் பிடி, கிளிக்.
மறுபடி ஒரு நெல்மணி.
பன்னிரண்டு கிளிக்குக்கு ஒரு நொடி.
படம் ஆறு நிமிடம்.
கணக்குப் போட்ட அன்று
ரிம்சான் கீழே போய் பிளேன்டீ கொண்டுவந்தான்,
யாரும் பேசவில்லை.

கதை உதேனி சொன்னது.
கம்பளையில் ராஜாக்கள் இருந்த காலம்.
தெற்குக் கடலிலிருந்து உப்புப் பொதி சுமந்து
மாடுகள் இந்தக் கணவாய்க்கு ஏறி வருகின்றன.
இங்கே சுங்கக்காரன், தராசோடு.
பாதி ராஜாவுக்கு என்கிறான்.
முகில் விலகட்டும், என்கிறான் மாட்டுக்காரன்,
கோலில் கீறல் தெரியட்டும், நிறுக்கலாம்.
சரி என்று நிற்கிறார்கள்.
அறுநூறு வருடமாக நிற்கிறார்கள்.
பின்னேரம் முகில் ஏறும்போது
கழுத்துமணி கேட்டால்
வீட்டில் உப்பைத் திறந்து வைக்கக் கூடாது.
உதேனி வீட்டில் இன்றைக்கும் மூடுகிறார்கள்.
எங்கள் லயத்திலும் மூடுவோம்,
ஈரம் பிடிக்கும் என்று.

கைகள் செய்கிறவள் சந்தனமேரி.
சுங்கக்காரனுக்கு நான் வரைந்த
முறுக்கு மீசையை, முழிக்கிற கண்ணைப்
பார்த்துவிட்டுச் சொன்னாள்:
இவன் களவெடுக்க மாட்டான்.
பெருவிரலை மட்டும் மறுபடி பிசைந்தாள்.
தட்டின் ஓரத்தில்
தூசி தட்டுவதுபோல ஒட்டி நிற்கும் விரல்.
அவள் அம்மாவின் கொழுந்தில்
ஈரத்துக்கென்று தினமும் இரண்டு கிலோ வெட்டுகிற விரல்,
நகத்து இடுக்கில் மையோடு.
அந்தக் காலத்தில் மை ஏது, என்றாள் உதேனி.
ஏட்டுக்குப் பூசுகிற கரி, என்றாள் மேரி.
கரி இருந்துவிட்டது.

சண்டை வந்தது மாட்டுக்காரன் வாயில்.
அவன் என்ன பாஷை?
கதை சிங்களத்தில்தானே இருக்கிறது, உதேனி.
பொதிமாடு ஓட்டியது எங்கள் ஆட்களும்தான், ரிம்சான்.
நான் வாய் திறக்கவில்லை.
இந்த மலைக்கு நாங்கள் வந்த வருடம்
எழுதி இருக்கிறது, கப்பலின் பெயரோடு.
அறுநூறு வருடத்துக் கதைக்குள்
எந்த வாசலில் நின்று இடம் கேட்பது?
மேரி மாட்டின் முதுகைத் துடைத்துக்கொண்டே
அது இருக்கட்டும், என்றாள்,
மாட்டை எப்படிக் கூப்பிடுவான்?
ஒவ்வொருவராகக் கூப்பிட்டுக் காட்டினோம்.
நாக்கை மேலண்ணத்தில் ஒட்டி இழுக்கும் சத்தம்,
பிறகு ஒரு ஹோ.
மூன்று பேருக்கும் அதேதான்.
எந்த எழுத்தில் எழுதினாலும் நிற்காத அதைப் பதிந்தோம்.
படத்தில் வசனம் அவ்வளவே.
முகில் விலகட்டும் என்பதை
அவன் கையால் சொல்வான்.
மேரிக்கு மூன்று நாள் வேலை.

முகில்தான் வரவில்லை.
பஞ்சு பிய்த்துப் போட்டோம், பஞ்சாகவே இருந்தது.
சவர்க்கார நுரை போட்டோம், மாட்டைக் குளிப்பாட்டியதுபோல் ஆனது.

வியாழக்கிழமை கரண்ட் போனது.
வெளிச்சத்துக்காக யன்னலைத் திறந்தான் ரிம்சான்.
கொஸ்லந்தைப் பக்கமிருந்து ஏறியது
கேட்காமல் உள்ளே வந்தது,
வாளிகளைத் தாண்டி, கணவாயைத் தாண்டி,
மாட்டின் கழுத்துவரை.
கேமராவில் பேட்டரி குறைவு.
நாங்கள் மாட்டை நகர்த்தவில்லை.
கிளிக். கிளிக்.
முப்பத்தொன்பது கிளிக்.
மூன்றேகால் நொடி.

கேமரா அணைந்த பிறகு பார்த்தோம்:
தட்டில் தூவிய உப்பு ஈரம் குடித்துக்
கோல் ஒரு பக்கம் சாய்ந்திருக்கிறது.
விரலை யாரும் தொடவில்லை.

கீழே யாரோ ஒரு கிலோ ஆணி கேட்கிறார்கள்.
ரிம்சான் படியிறங்கிப் போய்ச்
சொல்வது கேட்கிறது:
கரண்ட் வரட்டும், நிறுக்கலாம்.