கணக்கில் வராத காற்று

செவ்வாய், வியாழன், சனி
நாங்குநேரியிலிருந்து ஹைகிரவுண்டுக்கு
பூலுடையாரை ஏற்றிப்போகிறேன்.
நாலு மணி நேரம் அவர் ரத்தம்
மெஷினுக்குள் போய்த் திரும்பும்.
அதுவரை ஆஸ்பத்திரி மதிலோரம்
சீட்டைச் சாய்த்துப் படுத்து
என் காருக்கு என்ன நோயென்று யோசிப்பேன்.

ஆடி மாசம்.
பணகுடிப் பக்கமிருந்து வருகிற காற்று
காலி லாரியை ஓரத்துக்குத் தள்ளும்.
இத்தனை காற்றடிக்கிற சீமையில்
விரல்நகத்தளவு காற்று கூடிப்போனதால்
ஒரு இஞ்சின் செத்துச் செத்துப் பிழைக்கிறது
என்றால் யார் நம்புவார்?

சமாதானபுரம் சிக்னலில் நிற்கும்போது
முள் ஆடும்:
அறுநூறு, ஆயிரத்து நானூறு, மறுபடி அறுநூறு,
ஒரு விக்கல்,
பிறகு ஒன்றுமில்லை.
பின்னால் பஸ்காரன் ஹாரனை எடுக்கவே மாட்டான்.
பூலுடையார் எதுவும் கேட்பதில்லை.
மடியிலிருக்கும் பைலை நேராக்கிக்கொள்வார்.

பேட்டையில் ஒருத்தன் பிளக்கை மாற்றினான்,
த்ராட்டிலைக் கழுவினான்,
இரண்டாயிரத்து முன்னூறு வாங்கினான்.
ஆட்டம் நிற்கவில்லை.
"உஸ்ஸுங்கு சத்தம் இங்கனதான் வருது" என்று
ப்ரீதர் குழாயின் வாயில் ஒரு போல்ட்டைத் திணித்து
கிளாம்பை இறுக்கினான்.

இரண்டு நாள் இஞ்சின் அடங்கியிருந்தது.
மூன்றாம் நாள், மூன்றடைப்பு தாண்டியதும்
ஆயில் கருகுகிற வாடை.
பானெட்டைத் தூக்கினேன்.
ஆயில் அளக்கும் கம்பி
யாரும் தொடாமலே
ஒரு சாண் மேலே எழும்பி நின்றது.
மூடியோரமெல்லாம் கருப்பாய் வியர்த்திருந்தது.

மேலப்பாளையம் மசூது
போல்ட்டைப் பிடுங்கி என் உள்ளங்கையில் வைத்தான்.
சூடாக இருந்தது.
"மூட வேண்டியத விட்டுட்டு
மூச்சு விடுறத மூடி வச்சிருக்கான், பாருங்கக்கா.
பிஸ்டனத் தாண்டி எறங்குற புகை
எங்க போவும்?
ஆயில் சீலத்தான் ஒடைக்கும்."

பிறகு இஞ்சினை ஓடவிட்டு,
காற்று உள்ளே போகும் கிளைகள்
தலையோடு சேருமிடத்தில்
ஸ்ப்ரேயைச் சிறிதாய்ப் பீய்ச்சிக்கொண்டே போனான்.
ஒன்றில் ஒன்றுமில்லை.
இரண்டில் ஒன்றுமில்லை.
மூன்றாவதில் இஞ்சின் குரலே மாறிவிட்டது,
வலிக்குமிடத்தைத் தொட்டதுபோல.

கழற்றியபோது அந்த ரப்பர்
காய்ந்த கொடுக்காப்புளித் தோல் மாதிரி
சப்பையாய், விறைத்து
வளைத்ததும் ஒடிந்தது.
நூற்றெண்பது ரூபாய்.
கூலி எவ்வளவு என்றதற்கு
அவன் டீ சொல்லப் போய்விட்டான்.

திரும்பும் வழியில்
பூலுடையார் வாய்திறந்தார்.
"கிரேனாப்பு, எதுல கோளாறு?"
சொன்னேன்.
அளக்காத காற்று திருட்டு வழியில் உள்ளே போயிருக்கிறது,
போக வேண்டிய புகைக்கு வழியில்லை.

அவர் பாட்டிலைத் தூக்கிப் பார்த்தார்.
அரை லிட்டர், ஒரு நாளைக்கு அவ்வளவுதான்.
பேனாவால் போட்ட கோடுகள்,
காலைக்கு ஒன்று, மத்தியானத்துக்கு ஒன்று.
"அப்ப எனக்கும் அதுக்கும் ஒரே சீக்குதான்" என்றார்.
"எனக்குத்தான் போல்ட்டப் பிடுங்க ஆளில்ல."
சிரித்தார்.
எனக்குச் சிரிப்பு வரவில்லை,
கியரை மாற்றினேன்.

பொன்னாக்குடியில் ரோட்டை மறித்து ஆடுகள்.
நின்றேன்.
முள் எண்ணூறில் நின்றது,
அசையவில்லை.
நம்பிக்கையில்லாமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஆடுகள் போனபின் வேகமெடுத்தபோது
புதிதாய் ஒரு விசில்.
காலெடுத்துவிட்டேன், நெஞ்சு திக்கென்றது.
அவர் பக்கத்துக் கதவு ரப்பர்,
மேல்மூலையில் விட்டிருக்கிறது.
நாளைக்கு மாற்றிவிடுகிறேன் என்றேன்.

"கெடக்கட்டும்" என்றார்,
கன்னத்தை அந்த இடுக்கில் சாய்த்து.
"இந்தக் காத்துக்குக் கணக்கு கெடையாதுல்லா?"