அங்குலத்துக்குத் தொண்ணூற்றாறு

குன்னூர். இரவு பதினொன்றரை.
நாளை பத்து மணிக்கு ஊட்டியில் கூட்டம்.
ஸ்லைடில் பளிச்சென்றுதான் இருக்கிறது
சரிவின் குறுக்கே இரண்டு விரல் அகல விரிசல்.
படமாகச் சேமித்தால் காணோம்.
தேயிலைப் பச்சைமேல் பச்சையை அப்பியதுபோல்
ஒரே மழுங்கல்.

போன மாதமும் இதைத்தான் அனுப்பியிருக்கிறேன்.
"விரிசல் எங்கே மேடம்?" என்றார் பொறியாளர்.
கேலி இல்லை,
நிஜமாகவே தேடினார்.

கேமராவைத் திட்டினேன். மூடுபனியைத் திட்டினேன்.
கரண்ட் இருமுறை போய் வந்தது.
போஜன் தூக்கக் குரலில் சொன்னான்:
"படத்தில் குறையில்லைக்கா.
அங்குலத்துக்குத் தொண்ணூற்றாறு புள்ளி,
கேட்காவிட்டால் அவ்வளவுதான் கொடுக்கும்.
ஸ்லைடையே மூன்று மடங்கு பெரிதாக்கு.
சுருக்காதே என்கிற கட்டத்தில் டிக் போட்டு
போட்டோவை மறுபடி செருகு."

வட்டம் சுழன்றது, சுழன்றது.

விரிசல் வந்துவிட்டது.
கூடவே, அங்கே நின்றபோது நான் பார்க்காததும்:
அதன் விளிம்பை ஒட்டிக் கொடி கட்டி
யாரோ காயப்போட்ட பள்ளிச் சீருடை,
ஒரு கை உள்ளுக்குள் சுருண்டபடி.

கோப்பு பதினொரு எம்.பி.
பத்துக்கு மேல் ஏற்காதாம் அலுவலக மெயில்.
பென் டிரைவைத் தேடுகிறேன்.
முதல் பஸ் ஆறேகாலுக்கு.