நாற்பத்தொரு சென்டிமீட்டர்

நவம்பரில் கெமி நகரம்
மூன்று மணிக்கே இருட்டிவிடும்.
கடைக்குள் வருகிறவர்கள்
பூட்ஸைத் தட்டிப் பனியை உதிர்ப்பார்கள்,
பேச மாட்டார்கள்.
துணி துவைக்கும் இயந்திரத்தைக்கூட
தலையசைத்தே வாங்கிப் போவார்கள்.
என் வரிசைக்கு வந்தால் மட்டும் வாய் திறக்கும்.
காபி அப்படி.
இங்கே அது வானிலையைவிடப் பெரிய விஷயம்.

அன்று ஹில்லெவி வந்தாள்,
கையில் ஒரு சிவப்புக் கம்பளி நூல்.
சமையல் மேடையிலிருந்து மேலலமாரியின் அடிவரை
அளந்து முடிச்சுப் போட்டு எடுத்து வந்திருந்தாள்.
முப்பத்தெட்டு சென்டிமீட்டர்.
பின்னால் ஓர்வோ.
காகித ஆலையில் முப்பது வருடம்
கொதிகலனோடு குடும்பம் நடத்தியவர்.
சட்டைப் பையில் பேனா செருகும் இடத்தில்
ஒரு வெப்பமானி.

"அந்தக் கறுப்பு எஃகு," என்றாள் அவள்.
என்ன ஒரு நிமிர்வு அதற்கு!
இரவு விருந்துக்குக் கிளம்பி நிற்பதுபோல.
"அழகு காபி போடுமா?" என்றார் அவர்.
தண்ணீர் ஊற்றி ஓட்டிக் காட்டினேன்.
மேல் மூடியில் ஒரே ஒரு துளை.
நீர் தூளின் நடுவில் குழி பறித்து இறங்க,
ஓரமெல்லாம் உலர்ந்தே கிடந்தது.
வெப்பமானியை நுழைத்தார்.
எண்பத்தொன்று.
அதை மனைவியிடம் காட்டினார்,
மருத்துவர் எக்ஸ்ரேயைக் காட்டுவதுபோல,
ஒரு வார்த்தை பேசாமல்.

அடுத்தது வெள்ளைப் பிளாஸ்டிக்.
தொண்ணூற்று மூன்று டிகிரி, ஒன்பது துளை,
ஆறே நிமிடத்தில் குடுவை நிறைந்தது.
ஓர்வோவின் முகத்தில் விடிந்தது.
ஹில்லெவி கோட்டுப் பொத்தானைப் போட ஆரம்பித்தாள்.
"ரத்தம் எடுக்கிற அறையில் இருக்கும் இது.
தினமும் காலையில் கண் விழித்து
இதன் முகத்திலா விழிப்பேன்?"
ஊற்றிப் பார்த்தோம்.
குடுவையின் மூக்கும் சரியில்லை.
சொட்ட வேண்டியது மேலே ஒழுங்காய்ச் சொட்டியது,
சொட்டக்கூடாதது என் மேசை விரிப்பில்.

பிறகு அந்தக் கடுகு மஞ்சள்.
யாரும் அதுவரை அதைப் பார்க்கவில்லை,
விலைச்சீட்டு அப்படி.
தொண்ணூற்று நான்கு.
தூள் முழுதும் ஒருசேர நனைந்து
மெல்ல உப்பி, பெருமூச்சு விட்டு அடங்கியது.
சூடு காக்கும் குடுவை,
அடியில் கிடந்து காபியைக் கருக்கும் தட்டு கிடையாது.
மூவரும் குடித்தோம்.
கடையில் அவ்வளவு நேரம் யாரும்
சும்மா நின்று நான் பார்த்ததில்லை.

ஹில்லெவி நூலை எடுத்து அதன் பக்கத்தில் பிடித்தாள்.
மூன்று சென்டிமீட்டர் குறைந்தது.
ஓர்வோ கூரையைப் பார்த்தார்.
நான் ரசீதுப் புத்தகத்தை மூடினேன்.

அவள் நூலை இழுத்தாள்.
கம்பளி நூல்தானே,
இழுத்தால் நீளும்.
முடிச்சு மெதுவாக ஏறி
மஞ்சள் மூடியைத் தொட்டது.
"இடம் இருக்கிறது," என்றாள்,
விரல் நுனி வெளுக்கப் பிடித்தபடி.
ஓர்வோ குனிந்து அந்த முடிச்சைப் பார்த்தார்.
முப்பது வருடம் அளவுமானி பார்த்த கண்.
"இருக்கிறது," என்றார்.

ஒன்பதாம் நாள் அவர் தனியாக வந்தபோது
பெட்டியைத் தேடினேன் அவர் கையில்.
இல்லை.
வடிகாகிதம் வாங்க வந்திருந்தார், நான்காம் எண்.
பெருவிரலில் பிளாஸ்டர்.
"அலமாரி?" என்றேன்.
"அடித்தட்டை அறுத்துவிட்டேன்," என்றார்,
சில்லறையை எண்ணிக்கொண்டே.
"கல்யாணத்துக்கு வந்த கண்ணாடிக் கிண்ணம்
பன்னிரண்டு இருந்தது. இப்போது நிலவறையில்.
யார் கேட்டார்கள் பன்னிரண்டு?"

கடை சாத்தும் நேரம்.
ஒன்று சொல்ல வேண்டும்.
என் வீட்டில் இருப்பது கறுப்பு எஃகு,
காட்சிக்கு வைத்தது, பாதி விலை,
பின்பக்கம் ஒரு நெளிவு, சுவரைப் பார்த்து நிற்கிறது.
எண்பத்தொரு டிகிரி.
பார்க்க அழகாகத்தான் இருக்கிறது.
காலையில் அதைத் துடைத்து வைத்துவிட்டு
காபி குடிக்க
இருபது நிமிடம் முன்னதாகவே
கடைக்கு வந்துவிடுகிறேன்.